கைபேசியில் வரும் சேதி: விசாரித்து நம்புவோம்



நாளை புதன்கிழமை. உங்கள் குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி போட வேண்டும் என்று அட்டையில் நர்சம்மா தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார். காலையில் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்ற நினைப்போடு படுக்கிறீர்கள். அந்த நேரம் பார்த்துக் கைபேசி கூப்பிடுகிறது. சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு பெண் அழுகிற குரலில் பேசுகிறாள்: "தயவுசெஞ்சு யாரும் பிள்ளைங்களுக்கு இந்த ஊசியைப் போடாதீங்க. எங்க பக்கத்துல ஒரு குழந்தைக்குப் போட்டு என்ன ஆச்சு தெரியுமா?"

இதைக் கேட்ட பிறகு எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்?

"ஏங்க, இதைக் கேட்டீங்களா?" என்று மனைவி எழுப்புகிறார். "சரி, நாளைக்குப் போக வேணாம். ஒரு வாரம் பாத்துக்கிட்டுப் போவோம்" என்கிறார் கணவர். அந்த ஒரு வாரம் ஒரு மாதமாகிறது. ஒரு மாதம் மறந்தே போகிறது. தட்டம்மை மறப்பதில்லை. ஊரில் யாராவது ஒரு குழந்தைக்கு வந்தால், தடுப்பூசி போடாத குழந்தை இருக்கும் வீட்டைத் தேடி வந்துவிடுகிறது.

அந்தப் பெண் யார்? எந்த ஊர்? எந்த வருஷம் பேசியது? அந்தக் குழந்தைக்கு உண்மையில் என்ன ஆயிற்று? இவற்றில் ஒன்றுகூட உங்களுக்குத் தெரியாது, அனுப்பிய சொந்தக்காரருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தக் குரல் உங்கள் குழந்தையின் விஷயத்தில் ஒரு முடிவு எடுத்துவிட்டது. இதைப் பற்றித்தான் இந்தப் பிரசுரத்தில் உங்களோடு பேசப் போகிறோம்.

முன்பு சேதி எப்படி வந்தது?

முன்பெல்லாம் நம் கிராமங்களுக்குச் சேதி ஓர் ஆளோடு வந்தது. தமுக்கு அடித்துச் சொல்பவர் எந்தத் தெருக்காரர் என்று ஊருக்குத் தெரியும். (தமுக்கு அடிக்கும் வழக்கத்தை 2022-ஆம் ஆண்டில் அரசே நிறுத்தச் சொல்லிவிட்டது.) தபால்காரர் கொண்டு வந்த கடிதத்தில் எழுதியவர் பெயரும் ஊரும் இருந்தன. வானொலியில் செய்தி வாசித்தவர் தம் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வாசித்தார். சந்தையிலும் குழாயடியிலும் டீக்கடையிலும் வதந்தி அன்றும் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது இன்று நேற்றுப் பிறந்த பழமொழி அல்லவே!

ஆனால் குழாயடியில் ஒருத்தி சொன்னால், "உனக்கு யார் சொன்னா?" என்று அப்போதே கேட்கலாம். "எங்க சின்னம்மா சொன்னாங்க" என்பாள். சின்னம்மாவைப் போய்க் கேட்கலாம். இரண்டு மூன்று வாசல்படி ஏறி இறங்கினால் சேதியின் வேர் கிடைத்துவிடும். பொய் சொன்னவர் அதே ஊரில் மறுநாளும் முகம் காட்ட வேண்டும். அந்தக் கூச்சமே பல வதந்திகளுக்குக் கடிவாளமாக இருந்தது.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

மூன்று விஷயங்கள் மாறியிருக்கின்றன.

முதலாவது, சேதி சொன்ன ஆள் காணாமல் போய்விட்டார். கைபேசியில் வருவது உங்கள் மாமா அனுப்பிய சேதிதான், மாமா சொன்ன சேதி அல்ல. அவருக்கு அவர் நண்பர் அனுப்பினார், அந்த நண்பருக்கு வேறு யாரோ அனுப்பினார்கள். முதலில் பேசியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் திரையில் மாமா பெயர் இருப்பதால், மாமாவின் மேல் நமக்கு இருக்கும் மரியாதை முழுவதையும் அந்த முகம் தெரியாத ஆளுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாவது, வேகம். ஒருவர் ஒரு சேதியை 5 பேருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 பேரும் ஆளுக்கு 5 பேருக்கு அனுப்பினால் 25 பேர். அடுத்த கையில் 125, அதற்கடுத்து 625, ஐந்தாவது கையில் 3,125 பேர். பல ஊராட்சிகளின் ஜனம் முழுவதும் சேர்ந்தாலும் இவ்வளவுதான் இருக்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஓர் அடி நடக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழு ஒன்றில் 1,024 பேர் வரை இருக்கலாம். ஆகவே குழுவில் போட்டால் கணக்கு இன்னும் பெரிதாகும்.

மூன்றாவது, திருத்தம் பின்னால் வருவதில்லை. "ஐயையோ, ஆபத்து!" என்ற சேதியை எல்லாரும் அனுப்புகிறோம். "அது பொய்யாம், விசாரித்துவிட்டார்கள்" என்ற சேதியை அனுப்ப யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. பயம் ஓடுகிற வேகத்தில் ஆறுதல் ஓடுவதில்லை. அதனால் பழைய பொய் இரண்டு வருஷம் கழித்தும் புதுச் சேதி போல மறுபடி வந்து நிற்கிறது.

2017-இல் நம் மாநிலத்தில் நடந்தது

2017 பிப்ரவரி மாதத்தில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை, 1.5 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடங்களிலேயே போட ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் ஊசி வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வதந்தி வந்துவிட்டது. ஊசி போட்ட பிள்ளைகள் நோயில் விழுந்ததாகவும், இது நம் பிள்ளைகளை வைத்துச் செய்யும் சோதனை என்றும் சேதிகள் பறந்தன. பெற்றோர் பலர் சம்மதம் தரவில்லை. சிலர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியோடு முடிய வேண்டிய இயக்கத்தை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளை மேல் உள்ள பாசத்தால்தான் பயந்தார்கள். அந்தப் பாசத்தையே பிடித்துக்கொண்டுதான் வதந்தி வீட்டுக்குள் நுழைகிறது.

தட்டம்மை எப்படிப்பட்ட நோய் என்று தெரிந்துகொள்ளுங்கள். தடுப்பூசி போடாதவர்கள் நடுவில் ஒரு நோயாளி இருந்தால் 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது அது. "அம்மை போட்டா தானே இறங்கிடும்" என்று விட்டுவிடுகிற நோய் அல்ல. நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, மூளைக்காய்ச்சல், கண்பார்வை இழப்பு வரை கொண்டுபோகும். ரூபெல்லா வெளியே பார்த்தால் லேசான நோய். ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு வந்தால், பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இருதயக் கோளாறு உண்டாகலாம். இன்று உங்கள் பெண்குழந்தைக்குப் போடும் ஊசி, நாளை அவள் வயிற்றில் வளரப்போகும் குழந்தைக்கும் காவல்.

ஊசி போட்ட 7 முதல் 12 நாட்களுக்குள் சில குழந்தைகளுக்கு லேசான காய்ச்சலும் சிறு தடிப்பும் வரலாம். ஓரிரு நாளில் சரியாகிவிடும். இதை நர்சம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தால் தாய்க்குப் பயம் வராது. சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வதும் குழந்தையைக் கவனித்துப் பார்க்கத்தான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை

2021 ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்களையும் போட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 17-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். அவரை நேசித்த தமிழ் மக்கள் கலங்கிப் போனார்கள். ஊசிதான் காரணம் என்ற சேதி கைபேசிகளில் காட்டுத்தீயாகப் பரவியது. ஊசி போட நினைத்திருந்த பலர் பின்வாங்கினார்கள். தேசிய அளவிலான நிபுணர் குழு இதை ஆராய்ந்து, அவருடைய மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று 2021 அக்டோபரில் தெரிவித்தது. முதல் சேதி உங்கள் கைபேசிக்கு வந்திருக்கும். அக்டோபரில் வந்த முடிவை உங்களுக்கு யாராவது அனுப்பினார்களா? நினைத்துப் பாருங்கள்.

ஒன்றின் பின்னால் ஒன்று நடந்தால், முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று மனம் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. காக்கை உட்கார்ந்ததால்தான் பனம்பழம் விழுந்ததா, பழுத்ததால் விழுந்ததா என்று விசாரிக்கத்தான் நிபுணர் குழுக்கள் இருக்கின்றன. தடுப்பூசிக்குப் பின் உடம்புக்கு ஏதாவது பெரிதாக வந்தால் மறைக்காமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். அதைப் பதிவு செய்து விசாரிப்பது எங்கள் கடமை.

உயிரை வாங்கிய வதந்தி

சேதி பொய்யானால் ஊசி மட்டும் தள்ளிப்போவதில்லை. 2018-ஆம் ஆண்டில் பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டதாக வீடியோக்களும் ஆடியோக்களும் நாடெங்கும் சுற்றின. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சாமி கும்பிட வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகிக்கப்பட்டு, அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்களும் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான். அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் சில கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. 2018 ஜூலை முதல், வேறொருவரிடமிருந்து வந்ததை அப்படியே அனுப்பினால் சேதியின் தலைப்பில் ஓர் அம்புக்குறி தெரிகிறது. ஒரே நேரத்தில் 5 இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்ற எல்லையும் நம் நாட்டில் அப்போதுதான் வந்தது. பல கை மாறி வந்த சேதிக்கு இரட்டை அம்புக்குறி இருக்கும். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட சேதியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடிகிறது. ஆகவே இரட்டை அம்புக்குறியைப் பார்த்தால், "எழுதியவர் யாரென்று தெரியாத சேதி இது" என்று பொருள் கொள்ளுங்கள்.

குடும்ப நலம் பற்றிச் சுற்றி வரும் பொய்கள்

பொய்: காப்பர்-டி போட்டால் அது நெஞ்சுக்கு ஏறிவிடும். பிறகு பிள்ளையே பிறக்காது.
உண்மை: காப்பர்-டி கருப்பைக்குள் வைக்கப்படுகிறது. அது நெஞ்சுக்கு ஏற வழியே இல்லை. முதல் சில மாதங்கள் தீட்டு சற்று அதிகமாகப் படலாம், அடிவயிறு வலிக்கலாம். 380-ஏ வகைக் காப்பர்-டி 10 வருஷம் வரை பலன் தரும். பிள்ளை வேண்டுமென்றால் எடுத்துவிடலாம், மறுபடி கர்ப்பம் தரிக்கும்.

பொய்: கருத்தடை செய்துகொண்ட ஆணுக்குப் பலம் போய்விடும், பாரம் தூக்க முடியாது.
உண்மை: தழும்பில்லாத ஆண் கருத்தடை சில நிமிடங்களில் முடிந்துவிடும் சிறிய சிகிச்சை. விந்தணு போகும் குழாயை மட்டும் அடைக்கிறார்கள். ஆண்மையும் உடல் பலமும் குறைவதில்லை. சில நாள் ஓய்வுக்குப் பிறகு வழக்கம்போல் உழைக்கலாம். ஆனால் முதல் மூன்று மாதம் ஆணுறை போன்ற வேறு முறையைக் கட்டாயம் கையாள வேண்டும். அதன்பின் விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பொய்: சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும்.
உண்மை: இரும்புச்சத்து மாத்திரையால் மலம்தான் கறுப்பாகப் போகும். குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. கர்ப்பிணிகள் குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிட்டால் குமட்டல் குறையும். மாத்திரையோடு டீ, காபி குடிக்காதீர்கள். மாத்திரையைப் பரணில் போட்டுவிட்டு ரத்தசோகையோடு பிரசவ அறைக்குப் போகும் தாய்க்கு, சாதாரண ரத்தப்போக்கே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

கைபேசியால் நன்மையே இல்லையா?

இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஸ்கேன் எடுக்கும் நாளை நர்சம்மா ஒரு வரியில் நினைவூட்டிவிடுகிறார். திருப்பூரில் வேலை பார்க்கும் கணவரும் வளைகுடா நாட்டில் இருக்கும் கணவரும் மனைவியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை அன்றே பார்த்துவிடுகிறார்கள். நள்ளிரவில் பனிக்குடம் உடைந்தால் 108-ஐக் கூப்பிடுவதும் இந்தக் கைபேசியில்தான். கத்தி காய் நறுக்கவும் உதவும், கையை வெட்டவும் செய்யும். பிடிக்கிற விதம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சேதி வந்தால் என்ன செய்ய வேண்டும்?

1. உடனே யாருக்கும் அனுப்பாதீர்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். அதனால் யாருக்கும் எதுவும் கெட்டுவிடாது.

2. யார் சொன்னது, எந்த ஊர், என்ன தேதி என்று சேதியையே கேளுங்கள். "பெரிய டாக்டர் சொன்னார்" என்பது பதில் அல்ல. பெயர், இடம், நாள் இல்லாத சேதி வேரில்லாத மரம்.

3. "உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று கெஞ்சுகிற சேதியைச் சந்தேகப்படுங்கள். உண்மையான அரசு அறிவிப்பு அப்படிக் கெஞ்சுவதில்லை.

4. போட்டோவையும் வீடியோவையும் கண்ணால் பார்த்ததாக எண்ணிவிடாதீர்கள். வேறு நாட்டில், வேறு வருஷத்தில் எடுத்த படத்துக்கு நம் ஊர்ப் பெயரைச் சூட்டி அனுப்புகிறார்கள். இப்போது கணினியே குரலையும் முகத்தையும் செய்துவிடுகிறது.

5. உடல்நலம் சம்பந்தப்பட்டது என்றால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். அவர் பெயரும் முகமும் உங்களுக்குத் தெரியும், நாளைக்கும் உங்கள் தெருவுக்கு வருவார். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேளுங்கள், அல்லது 104 என்ற எண்ணில் பேசுங்கள். அந்த ஆடியோவையே போட்டுக் காட்டலாம். யாரும் உங்களைக் கேலி செய்ய மாட்டார்கள்.

6. பொய் என்று தெரிந்தால், எந்தக் குழுவில் வந்ததோ அதே குழுவில் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் முன்பு அனுப்பியிருந்தால், "நான் அனுப்பினது தப்பு" என்று ஒரு வரி போடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அனுப்பியவர் பெரியவராக இருந்தால்?

இது நியாயமான தயக்கம்தான். மாமனாரிடமோ பெரியப்பாவிடமோ "நீங்க அனுப்பினது பொய்" என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. குழுவில் எல்லார் முன்னாலும் சொன்னால் அவருக்கு வருத்தமாக இருக்கும். தனியே பேசுங்கள். "மாமா, நீங்க அனுப்பினதைக் கேட்டுப் பயந்துட்டோம். நர்சம்மாகிட்ட கேட்டோம், அப்படி எதுவும் இல்லைன்னு சொன்னாங்க. நீங்களே குழுவுல ஒரு வார்த்தை போட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று சொல்லிப் பாருங்கள். பேரன் மேல் உள்ள அக்கறையில்தான் அவரும் அனுப்பியிருப்பார். அவர் மனமும் நோகாது, உண்மையும் போய்ச் சேரும்.

தம்பதிகள் இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள்

பல வீடுகளில் கைபேசி கணவரிடம் இருக்கிறது, தடுப்பூசி அட்டை மனைவியிடம் இருக்கிறது. வெளியூரில் இருக்கும் கணவருக்கு வதந்தி முதலில் போய்விடுகிறது. "ஊசி போடாதே" என்று அங்கிருந்தே சொல்லிவிடுகிறார். நர்சம்மா சொன்னதை நேரில் கேட்ட மனைவி வாய் திறக்க முடியாமல் நிற்கிறார். அப்படி வேண்டாம். கணவன்மார்களே, அடுத்த முறை "போடாதே" என்பதற்கு முன் "நர்சம்மா என்ன சொன்னாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தாய்மார்களே, உங்களுக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தால் நர்சம்மாவையே உங்கள் வீட்டுக்காரரோடு போனில் பேசச் சொல்லுங்கள். அவர் மகிழ்ச்சியோடு பேசுவார்.

முதலில் சொன்ன இரவுக்குத் திரும்புவோம். ஆடியோவைக் கேட்டாயிற்று, பயமும் வந்தாயிற்று. பயம் வருவதில் தவறில்லை. கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு, காலையில் குழந்தையையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நர்சம்மாவிடம் முதலில் அந்த ஆடியோவைப் போட்டுக் காட்டுங்கள். உங்கள் சந்தேகம் தீரும் வரை கேளுங்கள். தீர்ந்த பிறகு ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள். அந்த 3,125 பேர் கொண்ட சங்கிலியும் உங்கள் வீட்டோடு அறுந்துபோகும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியோர் சொல்லிவிட்டுப் போனார்கள். கைபேசிக் காலத்துக்கும் அது பொருந்தும்.

விசாரித்து நம்புவோம்! நம் குடும்ப நலம் காப்போம்!